புது இடுப்பும் பழைய லயமும்



இடுப்பு மூட்டை மாற்றி வைத்து ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் இன்று நம் தோட்டங்களில் அபூர்வம் இல்லை. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், தென்னமரம், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூர் வட்டாரத்தில் விசாரித்தால், கைத்தடியோடு நடமாடும் ஒரு பாட்டியையோ, முன்பு குலை வெட்டிய ஒரு பெரியவரையோ காட்டி, “அவங்களுக்கு இடுப்பு மாத்தி வச்சிருக்கு” என்பார்கள். இரவெல்லாம் வலியில் துடித்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எழுந்து நடக்கிறார்கள். இது மருத்துவம் ஏழைக்கும் செய்த பெரிய நன்மை.

ஆனால், அவர்களில் சிலருக்கு வீடு திரும்பிய சில வாரங்களில் ஒரு துன்பம் நேர்ந்துவிடுகிறது. வைத்த மூட்டு நழுவிவிடுகிறது. குழியில் இருக்க வேண்டிய பந்து வெளியே வந்துவிடுகிறது. அப்படி நேர்ந்ததும் லயத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “டாக்டர் சரியா வைக்கலைங்க” என்பது ஒன்று. “சொன்னதைக் கேட்காம குந்துச்சு, அதான் கழண்டுக்கிச்சு” என்பது மற்றொன்று. ஒன்று டாக்டரைக் குற்றவாளி ஆக்குகிறது. மற்றொன்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது.

சில வேளைகளில் இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் இந்த இரண்டு பேச்சிலும் ஒரு முக்கியமான சங்கதி விடுபட்டுப் போகிறது. மூட்டை வைத்துக் கொடுப்பது ஆஸ்பத்திரி. அது முதல் மூன்று மாதம் வைத்த இடத்தில் நிற்பதற்கு வீட்டுக் கக்கூஸும், படுக்கும் பாயும், தோட்டத்தில் கொடுக்கும் ‘லேசான வேலை’யும் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே இது ஒரு குடும்பம் தனியாக அழுது தீர்க்க வேண்டிய காரியமாக இருக்கக் கூடாது. நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கவனிக்க வேண்டிய காரியம் என்பதே இந்தப் பகுதியின் கருத்து.

மூட்டு எப்படி வேலை செய்கிறது?

இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் ஒரு கிண்ணமும். தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக, பந்து மாதிரி இருக்கிறது. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம் மாதிரி இருக்கிறது. பந்து அந்தக் குழிக்குள் ஆழமாக அமர்ந்து சுழல்கிறது. அதைச் சுற்றிக் கெட்டியான சவ்வுப் பையும், நார்களும், பலமான தசைகளும் கட்டிப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் பிறவியில் வந்த இடுப்பு சாமானியத்தில் கழலாது. மோட்டார் விபத்து போன்ற பெரிய அடி பட்டால்தான் கழலும்.

இந்த மூட்டு கெட்டுப்போவதற்கு நம்மிடையே காரணங்கள் பல. வயதாகித் தேய்ந்துபோவது ஒன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துபோவது மற்றொன்று. இது வயதான தாய்மார்களுக்கே அதிகம். மூன்றாவது, பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கு, சம்சுவானாலும் சரி, பீரானாலும் சரி, இது நடுத்தர வயதிலேயே வந்துவிடும். மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் பேர் தெரியாத மாத்திரைகளிலும் ஜாமுகளிலும் ‘ஸ்டீராய்டு’ மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் விழுங்கினாலும் இதே கதிதான்.

ஆப்பரேஷனில் கெட்டுப்போன பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் உலோகத்தாலோ பீங்கான் வகையாலோ ஆன புதுப் பந்தை வைக்கிறார்கள். இடுப்புக் குழியில் புதுக் கிண்ணம் பொருத்தி, அதற்குள் கெட்டிப் பிளாஸ்டிக் உள்ளுறை வைக்கிறார்கள். எலும்பு முறிந்த வயதானவர்களில் பலருக்குக் குழியை அப்படியே விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. நழுவும் அபாயம் இரண்டிலும் இருக்கிறது. தேய்மானத்துக்காகச் செய்துகொண்டவர்களைவிட, எலும்பு முறிந்து செய்துகொண்டவர்களுக்கு அந்த அபாயம் அதிகம்.

இன்றைய முறைக்கு வழி காட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர். 1950-களின் இறுதியில் அவர் முதலில் கிண்ணத்துக்கு ‘டெஃப்லான்’ என்ற பொருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து தூளாகி, நோயாளிகளின் உடம்புக்குள் கோளாறு செய்தது. தூள் என்ன செய்கிறது என்று அறிய, அவர் தம் சொந்தத் தொடைக்குள்ளேயே அதை வைத்துப் பார்த்தார். பிறகு 1962-ல் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ‘பாலிஎதிலீன்’ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். உராய்வு குறைய வேண்டும் என்பதற்காக அவர் தேர்ந்தெடுத்த பந்து சிறியது. சுமார் 22 மில்லிமீட்டர்தான். பிறவிப் பந்தோடு ஒப்பிட்டால் அது பாதி அளவே. சிறிய பந்து கொஞ்சம் நகர்ந்தாலே கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். இன்று 28, 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் வந்துவிட்டன. பந்து பெரிதானால், விளிம்பைத் தாண்ட அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. அதனால் நழுவுவது குறைந்திருக்கிறது. ஆனால் அடியோடு ஒழியவில்லை.

ஏன் நழுவுகிறது?

ஆப்பரேஷனுக்காக டாக்டர் சவ்வுப் பையைத் திறக்கிறார், தசைகளை விலக்குகிறார். அவை மறுபடி ஒட்டி இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை புதுப் பந்தைக் காக்கும் வேலி பலவீனமாக இருக்கிறது. நழுவும் மூட்டுகளில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்துக்குள் நழுவுவதற்கு இது முக்கியமான காரணம்.

இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து ஆப்பரேஷன் செய்வது மிகப் பரவலான முறை. அப்படிச் செய்தவர்களுக்கு ஆபத்தான அசைவுகள் மூன்று. ஒன்று, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி அதிகமாக மடக்குவது. இரண்டு, ஒரு காலை மற்றொரு காலைத் தாண்டிக் குறுக்கே போடுவது. மூன்று, பாதமும் முழங்காலும் உள்பக்கம் திரும்பும்படி காலைத் திருப்புவது. இந்த மூன்றும் சேரும்போது, உலோகத் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் போய் முட்டுகிறது. கல்லுக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்புவது போல, அது பந்தை நெம்பிப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடுகிறது.

முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு விதி வேறு. காலைப் பின்னுக்கு நீட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதே அவர்களுக்கு ஆபத்து. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்ன புத்தியை நாம் கடன் வாங்கக் கூடாது. அண்மைக் காலத்தில், எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரியான கடுங்கட்டுப்பாடு தேவையில்லை என்று கருதும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆகவே வார்டை விட்டுப் புறப்படும் முன், “எனக்கு எந்தப் பக்கமாத் திறந்தீங்க டாக்டர்? நான் எதைச் செய்யக் கூடாது? எத்தனை வாரத்துக்கு?” என்று மூன்று கேள்வி கேட்பது நம் உரிமை. பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் செய்யப்பட்ட 10,500 ஆப்பரேஷன்களை ஆராய்ந்து 1982-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 331 மூட்டுகள் நழுவியிருந்தன, நூற்றுக்கு மூன்று. அதே இடுப்பில் முன்பே ஆப்பரேஷன் செய்திருந்தவர்களுக்கு அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. இன்று முதல் ஆப்பரேஷனுக்குப் பிறகு நழுவுவது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கிண்ணத்தை எந்தச் சாய்வில் வைத்தார்கள், இரண்டு காலும் ஒரே நீளமா, தசைகள் போதிய இறுக்கமா என்பவை டாக்டரின் கைத்திறனைச் சேர்ந்தவை. மறதி நோய், கைகால் நடுக்க நோய், குடிப்பழக்கம், தசைப் பலவீனம் ஆகியவை நோயாளியின் உடம்பைச் சேர்ந்தவை. மூன்றாவதாக வருவது அவர் திரும்பிப் போகும் இடம். நம் கையில் இருப்பது இந்த மூன்றாவதுதான்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

டாக்டர் சொல்லும் விதிகளில் பல, நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிலில் படுத்து, உயரமான கக்கூஸைப் பயன்படுத்தும் வீட்டை மனத்தில் வைத்துச் சொல்பவை. நம் பழைய தோட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். குந்தி உட்காரும் கக்கூஸ். தண்ணீர்த் தொட்டியில் குனிந்து மொண்டு ஊற்றும் குளியல். பாசி பிடித்த சிமெண்டுத் தரை. தரையில் விரித்த பாய் அல்லது மெத்தை. இங்கே மருமகளும் மகனும் எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும், காலையில் எழுந்தவுடன் பாட்டி செய்யும் முதல் காரியமே டாக்டர் கூடாது என்று சொன்ன காரியமாக இருக்கிறது. குந்தும்போது இடுப்பு முழு அளவுக்கு மடங்குகிறது. பாயிலிருந்து எழும்போது மடங்கவும் செய்கிறது, திரும்பவும் செய்கிறது. “சொன்னதைக் கேட்கலை” என்று அவரைத் திட்டுவதில் நியாயம் என்ன இருக்கிறது? கேட்டு நடப்பதற்கு வீட்டில் வசதி வேண்டாமா?

ஆகவே வீட்டைத் தயார் செய்வது ஆப்பரேஷனுக்கு முன்பே நடக்க வேண்டும். திடீரென்று விழுந்து அடிபட்டவரானால், அவர் வார்டில் இருக்கும் நாட்களிலேயே நடக்க வேண்டும். செலவு அதிகம் இல்லை. பின்பக்கமாகத் திறந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை இவை:

கக்கூஸ்: குந்து கக்கூஸின் மேல் நிறுத்திவைக்கும் ஓட்டை நாற்காலி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. கால்கள் ஆடாமல், வழுக்காமல் இருக்க வேண்டும். கைப்பிடி இருப்பது அவசியம்.

படுக்கை: பாய் கூடாது. முழங்காலைவிடச் சற்று உயரமான கட்டில் வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து உயர்த்தலாம். படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வையுங்கள். கால் குறுக்கே போகாது.

நாற்காலி: கைப்பிடி உள்ள, உயரமான, கெட்டியான நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அமுங்கிப்போகும் சோபா வேண்டாம். சம்மணம் போடுவது, கால் மேல் கால் போடுவது, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து மீன் கழுவுவது, குனிந்து கோலம் போடுவது எல்லாவற்றையும் டாக்டர் சரி சொல்லும் வரை நிறுத்திவைக்க வேண்டும்.

குளியல்: உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். தண்ணீரை வாளியில் எடுத்துக் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். தரையைத் தேய்த்துப் பாசியை எடுங்கள்.

உடை: கீழே விழுந்த சீலைத் தலைப்பையோ கைலியையோ குனிந்து எடுக்க வேண்டாம். செருப்பைக் குனிந்து மாட்டாமல், நுழைத்துப் போடும் வகையாக வாங்கிக் கொடுங்கள்.

பயணம்: மோட்டாரின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். காடியில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டு தாழ்வாக இருந்தால் மேலே கெட்டி மெத்தை போட்டு, முதலில் பிட்டத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே வைக்க வேண்டும்.

சாமி காரியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலில் விழுந்து கும்பிடுவதும், தரையில் சம்மணமிட்டுப் பூசையில் உட்காருவதும் இந்தக் காலத்தில் வேண்டாம். நின்றபடி கும்பிட்டாலும் சாமி ஏற்றுக்கொள்ளும். “ஒரு நாள்தானே” என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். மூட்டு நழுவுவதற்கு ஒரு தடவை போதும்.

‘லேசான வேலை’ என்னும் பொறி

வேலையில் இருப்பவர்களைப் பற்றி இப்போது பார்ப்போம். நம் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். இந்த நாட்டில் வாணிபத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனை அதுவே. நூறு ஆண்டுக்கு மேலாகியும் செம்பனை வேலை உடம்பை முறிக்கும் வேலையாகவே இருக்கிறது. நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவதும், அதைத் தூக்கி வண்டியில் போடுவதும் புது இடுப்பு வைத்தவர் செய்யக்கூடிய வேலை இல்லை என்று யாருக்கும் தெரியும். நல்ல மனசுள்ள மண்டோர்கூட, “சரி, அவருக்கு லேசான வேலையாக் கொடுப்போம்” என்றுதான் நினைப்பார்.

அந்த லேசான வேலை என்ன? பெரும்பாலும் உதிரிப்பழம் பொறுக்குவது. அல்லது நாற்றங்காலில் தாழ உட்கார்ந்து பையில் மண் நிரப்புவது, களை பிடுங்குவது. கித்தா மரம் உள்ள இடத்தில் கீழ்ப்பட்டை வெட்டுவது. கைக்கு இவை லேசான வேலைகளே. இடுப்புக்கோ இவற்றைவிடக் கொடிய வேலை வேறில்லை. உதிரிப்பழம் பொறுக்குபவர் ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறார், குந்துகிறார், குந்தியபடியே பக்கவாட்டில் திரும்புகிறார் என்று எண்ணிப் பாருங்கள். மடக்குவதும் திருப்புவதும் சேர்ந்து வருகின்றன. டாக்டர் கூடாது என்று சொன்ன அசைவையே சம்பளத்துக்காக நாள் முழுதும் செய்யச் சொல்கிறோம். போதாததற்குக் காண் தாண்டக் குறுக்கே போட்ட பலகை, மழைக்குப் பின் வழுக்கும் களிமண் பாதை வேறு.

ஆகவே ‘லேசான வேலை’ என்பதை எடையால் அளக்கும் வழக்கத்தை நாம் மாற்ற வேண்டும். உடம்பு எந்த நிலையில் இருந்து வேலை செய்கிறது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். நிமிர்ந்து நின்றோ, உயரமான நாற்காலியில் உட்கார்ந்தோ செய்யும் வேலைதான் இவர்களுக்கு லேசான வேலை. ஸ்டோரில் சாமான் கணக்கு எழுதுவது, கேட்டில் வண்டி எண் குறிப்பது, குழந்தைக் காப்பகத்தில் மேற்பார்வை பார்ப்பது போன்றவை அந்த வகை. டாக்டரிடம் வெறும் ‘லைட் டியூட்டி’ என்று சீட்டு வாங்காதீர்கள். “குந்தக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது” என்று விவரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த மூன்று வார்த்தை மண்டோருக்கும் உதவும், கிராணிக்கும் உதவும். நாளைக்கு வழக்கு வந்தால் சங்கத்துக்கும் உதவும்.

நழுவிவிட்டால் என்ன செய்வது?

நழுவும்போது பலருக்கு ‘டக்’கென்று ஒரு சத்தமோ உணர்வோ தெரியும். உடனே கவட்டிலோ பிட்டத்திலோ கடுமையான வலி. காலை ஊன்ற முடியாது. ஒரு கால் குட்டையாகத் தெரியும். பின்பக்கம் நழுவியிருந்தால் பாதம் உள்பக்கம் திரும்பிக் கிடக்கும். முன்பக்கம் நழுவியிருந்தால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும்.

அப்போது இழுத்துப் பார்க்காதீர்கள். உருவி விடுபவரைக் கூப்பிடாதீர்கள். இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. சுளுக்கு உருவுபவரின் அனுபவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே இருப்பது உலோகத் தண்டு. தவறாக இழுத்தால் அதைச் சுற்றியுள்ள எலும்பு பிளந்துவிடும். இடுப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். சிலருக்கு அந்தக் குறை நெடுநாள் நீடிக்கும்.

இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். வசதியாக இருக்கும் நிலையிலேயே காலைத் தலையணையால் அண்டை கொடுங்கள். 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். சாப்பாடோ காப்பியோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். கால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போய் இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஆப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் சீட்டையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நேரம் முக்கியம், “காலையில பார்த்துக்கலாம்” என்று இரவு முழுதும் போட்டுவைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தி, காலை முறையாக இழுத்துப் பந்தைக் குழிக்குள் திரும்ப விடுவார்கள். பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடும். பலருக்கு ஒரு தடவையோடு முடிந்துவிடும். சிலருக்குத் திரும்பத் திரும்ப நழுவும். அப்போதுதான் கிண்ணத்தையோ பந்தையோ மாற்றும் மறு ஆப்பரேஷன் பற்றி யோசிப்பார்கள். பல ஆண்டு நன்றாக இருந்த மூட்டு திடீரென்று நழுவினால் உள்ளுறை தேய்ந்திருக்கலாம். காய்ச்சலோ, தழும்பில் நீர் வடிவதோ சேர்ந்து வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். இவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

புதுச் சாமான் வந்தால் போதுமா?

“இப்போ நழுவாத மூட்டே வந்திருக்காமே?” என்று சிலர் கேட்கிறார்கள். 1970-களில் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஜில் பூஸ்கே, சிறிய பந்தைப் பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் வைத்து, அதையும் கிண்ணத்துக்குள் சுழலவிடும் இரட்டை அசைவு மூட்டை உருவாக்கினார். நழுவும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு இன்று அது பயன்படுகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எல்லாப் புதுமையும் நன்மையாக முடிந்துவிடவில்லை.

உலோகக் கிண்ணத்தில் பெரிய உலோகப் பந்து வைக்கும் மூட்டுகள் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. பந்து பெரிது, அதனால் நழுவாது என்பது அவற்றின் ஒரு கவர்ச்சி. அவற்றில் ஒன்றான ‘ஏ.எஸ்.ஆர்.’ மூட்டை, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ கம்பெனி 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. உலோகமும் உலோகமும் உராய்ந்து வந்த துகள் பலருக்குச் சதையையும் எலும்பையும் கெடுத்தது. மறு ஆப்பரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. இந்தியாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு வழங்கும் கணக்குமுறையை மத்திய அரசு 2018 நவம்பரில்தான் ஏற்றது. அப்போதும், தன் உடம்புக்குள் இருப்பது எந்த மூட்டு என்று காட்டத் தாள் உள்ளவர்களுக்கே வழி சுலபம்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

சட்டமும் சலுகையும்

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நிலை என்று சான்றளிக்கப்பட்டால் 60 நாள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாளும் அந்தச் சாதாரண விடுப்பும் தனித்தனி. “ரெண்டு வாரம் முடிஞ்சிருச்சு, வேலைக்கு வா” என்று யாராவது சொன்னால், கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.

வேலையில் விழுந்தோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டோ இடுப்பு முறிந்திருந்தால், அது சொக்சோ சம்பந்தப்பட்ட விஷயம். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். பின்னால் மூட்டு நழுவினால், அதையும் முதல் விபத்தின் தொடர்ச்சி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சொக்சோவுக்குத் தெரிவியுங்கள். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு, 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கு அதில் இடம் உண்டு. அந்த வயதைத் தாண்டியவர்கள், மூட்டுச் சாமான் வாங்கப் பணம் இல்லை என்றால், அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகநல அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், அது பிச்சை இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு கிளையும் இரண்டு ஓட்டை நாற்காலி, ஒரு நடைச் சட்டம், ஒரு ஜோடி ஊன்றுகோல் வாங்கிச் சங்க அறையில் வைக்கட்டும். தேவைப்பட்ட குடும்பம் மூன்று மாதம் இரவல் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பித் தரட்டும். கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுத்து வாங்கிய பழக்கம் உள்ள நமக்கு இது புதிதில்லை.

இரண்டு: உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ ஆப்பரேஷன் முடிந்து வருகிறார் என்றால், தோட்ட நிர்வாகம் அந்த வீட்டுக் கக்கூஸில் கைப்பிடி பொருத்தித் தர வேண்டும். இரண்டு இரும்புக் குழாயும் ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலையும்தான் செலவு.

மூன்று: அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், ‘லேசான வேலை’ என்றால் என்ன என்பதற்குத் தெளிவான விளக்கம் கேட்க வேண்டும். குந்தும் வேலையும் குனியும் வேலையும் அதில் சேராது என்று எழுத்தில் வர வேண்டும்.

நான்கு: ஆஸ்பத்திரியில் விதிகளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்போம். பாட்டிக்குப் புரியாத மொழியில் சொல்லிவிட்டு, பிறகு அவர் கேட்கவில்லை என்று குறை சொல்ல யாருக்கும் நியாயம் இல்லை. தமிழ்த் தாள் இல்லாத இடத்தில், படித்த பிள்ளை ஒருவர் கூடப் போய்க் கேட்டு எழுதி வரட்டும்.

இந்த நான்கிலும் பெரிய பணமோ பெரிய போராட்டமோ தேவைப்படுவது மூன்றாவதற்கு மட்டுமே. மற்ற மூன்றையும் இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசி முடிவு செய்யலாம். கிளைச் செயலாளர்கள் முதல் வேலையாக, தங்கள் தோட்டத்தில் இடுப்பு ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைத்துக் காத்திருப்பவர்கள் யார் யார் என்று லயம் லயமாகப் போய் ஒரு பட்டியல் எடுங்கள். அவர்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது கட்டிலும் நாற்காலியும் தயாராக இருக்கட்டும்.